கரும்பில் ஓடும் கார்கள்... பிரேசிலில் விவசாயிக்கு என்ன பங்கு?

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் ரிபெய்ராவ் பிரேட்டோ என்ற ஊர் வரும். போகும் வழியெல்லாம் சாலையின் இரண்டு பக்கமும் கரும்புதான். வரப்பு கிடையாது, வேலி கிடையாது, கண் எட்டும் தூரம்வரை ஒரே வயல். மண் நம் செம்மண்ணைவிட அடர்ந்த நிறம். ஊதா கலந்த சிவப்பு. உள்ளூரில் 'டெர்ரா ரோஷா' என்கிறார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே காபி கொடுத்த மண் இது. 1929-ல் உலகச் சந்தை சரிந்து காபி விலை விழுந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரும்புக்கு மாறியது.

அந்தச் சாலையில் எந்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினாலும் பலகையில் இரண்டு விலை எழுதியிருக்கும். ஒன்று பெட்ரோல், இன்னொன்று எத்தனால். அந்த எத்தனாலில் பெட்ரோல் சேர்ப்பதில்லை. கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்து வடித்த சாராயச் சத்துதான். நூற்றுக்கு 4, 5 பங்கு தண்ணீர்கூட அதில் உண்டு. காரை நிறுத்துகிறவர் முதலில் மனக்கணக்குப் போடுகிறார். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட வெப்பச் சக்தி குறைவு. அதே தூரத்துக்குக் கூடுதல் லிட்டர் வேண்டும். அதனால் பெட்ரோல் விலையை 0.7-ஆல் பெருக்கிப் பார்க்கிறார்கள். பெட்ரோல் 100 என்றால், எத்தனால் 70-க்குள் இருந்தால் எத்தனால், தாண்டினால் பெட்ரோல். இரண்டையும் எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் வண்டி ஓடும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் எரிவது என்னவென்று கண்டுபிடித்துச் சொல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது.

எத்தனால் பம்ப்பின் பக்கவாட்டில் ஒரு சிறிய கண்ணாடிக் குழாயும் உண்டு. உள்ளே மிதக்கும் மிதவையைப் பார்த்து, அளவுக்கு மேல் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வாடிக்கையாளரே தெரிந்துகொள்ளலாம். பெட்ரோலிலும் சோதனை கேட்க உரிமை உண்டு. அளவுக் குழாயில் 50 மில்லி பெட்ரோலும் 50 மில்லி உப்புத் தண்ணீரும் ஊற்றிக் கலக்கிவைத்தால், பெட்ரோலில் இருக்கும் எத்தனால் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்துவிடும். தண்ணீர் எத்தனை மில்லி ஏறியது என்பதை வைத்துக் கலப்பு அளவைச் சொல்லிவிடலாம். பிரேசிலில் எத்தனால் கலக்காத சாதாரணப் பெட்ரோல் கிடையாது. 2015 முதல் 27 சதவிகிதம், 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவிகிதம் கலக்கிறார்கள்.

கோயம்புத்தூர் கரணை போன ஊர்

இந்தப் பக்கத்துக் கரும்பில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1920-களில் மொசைக் நோய் தாக்கிப் பிரேசிலின் பழைய ரகங்கள் அழிந்தபோது, ஜாவா தீவின் ரகங்களும் கோயம்புத்தூர் ரகங்களும்தான் கைகொடுத்தன. டி.எஸ்.வெங்கட்ராமன் காலத்தில் கோயம்புத்தூரில் உருவான கோ 290, கோ 419 இரண்டும் சாவோ பாவ்லோ வயல்களில் பல ஆண்டுகள் நின்றன. இப்போது அங்கே உள்நாட்டு ரகங்கள்தான்.

காருக்குக் கரும்பு என்று திட்டமாகக் கிளம்பியது 1975 நவம்பரில். 1973-ல் கச்சா எண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது, பிரேசில் தன் தேவையில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அரசு கடன் கொடுத்தது, ஆலைகள் வடிப்பாலை கட்டின. 1979-ல் முழுக்க எத்தனாலில் ஓடும் முதல் கார், ஃபியட் 147, விற்பனைக்கு வந்தது. புகையில் அவர்களுடைய நாட்டுச் சாராயமான 'கஷாசா' வாசம் அடித்ததால், ஜனங்கள் அதற்குச் சாராயப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். குளிர்காலக் காலையில் எத்தனால் சட்டென்று பற்றாது. அதற்காக, கிளப்புவதற்கு மட்டும் பெட்ரோல் ஊற்றும் ஒரு குட்டி டேங்க் முன்பக்கம் இருக்கும். 1980-களின் நடுவில், விற்ற புதிய கார்கள் பத்தில் ஒன்பது எத்தனால் கார்கள்.

அப்புறம் அடி விழுந்தது. 1986-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. அரசு கைச்சுருக்கம் காட்டியது. சர்க்கரை விலை ஏற, ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1989-ல் பங்க்குகளில் எத்தனால் இல்லாமல் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. வேறு எதிலும் ஓடாத காரை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அந்தக் கோபம் பத்து வருஷம் ஆறவில்லை. 1990-களின் கடைசியில் புதிய கார்களில் எத்தனால் கார் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2003-ல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் எதை ஊற்றினாலும் ஓடும் 'ஃப்ளெக்ஸ்' காரை இறக்கிய பிறகுதான் எத்தனாலுக்கு மறுவாழ்வு. ஆலை கைவிட்டாலும் பெட்ரோல் ஊற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஐந்து வருடத்துக்குள் புதிய கார்கள் பத்தில் எட்டுக்கு மேல் ஃப்ளெக்ஸ் ஆகிவிட்டன.

சக்கை, சோகை, கழிவுநீர்

ரிபெய்ராவ் பிரேட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்தாவ்சின்யோ, ஆலை இயந்திரங்கள் செய்யும் ஊர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அரவை. ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் எத்தனாலுக்கு விட்டால் 80 லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கிறது. அங்கே சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 30 டன் அளவில்தான். தமிழ்நாட்டில் 40 டன்னுக்கு மேல் எடுப்பவர்களுக்கு இது சாதாரணம். ஆனாலும் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 2,400 லிட்டர் வருகிறது. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது 21,600 கிலோமீட்டர். இந்த 30 டன் பெரும்பாலும் மானாவாரியில் வருவது என்பதை மறக்கக் கூடாது. அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். போர்வெல்லை நம்பிக் கரும்பு வைக்கும் இடத்தில் இதே எத்தனாலின் கணக்கு வேறு; மோட்டார் ஓடிய நேரத்தையும், கீழே போன நீர்மட்டத்தையும் அதில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சாறு பிழிந்த சக்கையைக் கொதிகலனில் எரித்து ஆலை தனக்கு வேண்டிய ஆவியையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. மிச்ச மின்சாரம் விற்பனைக்குப் போகிறது. வெளியிலிருந்து நிலக்கரியோ டீசலோ வாங்கிக் காய்ச்சினால், எத்தனாலை மாற்று எரிபொருள் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை. அந்த வகையில் பிரேசில் எத்தனாலின் பலம் சாற்றில் பாதி, சக்கையில் பாதி.

தலைவலி கொடுத்தது கழிவுநீர். ஒரு லிட்டர் எத்தனால் வடித்தால் 10 முதல் 15 லிட்டர் கழிவுநீர் மிஞ்சும். பிரசிகாபா என்ற ஊரின் பெயருக்குப் பழங்குடி மொழியில் 'மீன் நிற்கும் இடம்' என்று பொருள். அருவியில் ஏற முடியாமல் மீன் நிற்குமாம். அந்த ஆற்றிலும் மற்ற ஆறுகளிலும் கழிவுநீரைத் திறந்துவிட்டு மீன்கள் செத்து மிதந்த காலம் உண்டு. 1978-ல் ஆற்றில் விடுவதற்குத் தடை வந்தது. அதன் பிறகுதான் அதில் இருக்கும் சாம்பல் சத்தின் அருமை புரிந்து, வாய்க்கால் வெட்டியும் குழாய் போட்டும் வயலுக்கே பாய்ச்சுகிறார்கள். ஆனால், அளவு மீறினால் மண்ணில் உப்பு ஏறும், நிலத்தடி நீரும் கெடும். ஏக்கருக்கு எவ்வளவு விடலாம் என்பதை மண்ணில் இருக்கும் சாம்பல் சத்தைச் சோதித்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

சோகையைக் கொளுத்திவிட்டு வெட்டுவது அங்கேயும் வழக்கமாக இருந்தது. ஊருக்குள் கரித்தூள் மழைபோல விழும். துவைத்துக் காயப்போட்ட துணி கறுத்துவிடும். 2002-ல் சாவோ பாவ்லோ மாநிலம் படிப்படியாக எரிப்பை நிறுத்தச் சட்டம் போட்டது. இயந்திர அறுவடை வந்தது. சோகை மண்ணிலேயே மூடாக்காகக் கிடப்பதால் ஈரம் நிற்கிறது, களை குறைகிறது. அதோடு புதுத் தொல்லையும் வந்தது. நெருப்பில் செத்துக்கொண்டிருந்த வேர்ப்பகுதித் தத்துப்பூச்சி, மூடாக்கின் ஈரத்தில் பெருகியது. அதற்கு மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத்தான் லட்சக்கணக்கான ஏக்கரில் தெளிக்கிறார்கள். தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு நம்மவர்கள் பயன்படுத்தும் அதே இனம். ஐந்தாறு வெட்டு முடிந்து கட்டையை அழிக்கும்போது, அடுத்த நடவுக்கு முன் நிலக்கடலையோ சோயாவோ போடுகிறார்கள். பிரேசிலின் நிலக்கடலையில் பெரும்பகுதி, இப்படிக் கரும்புக்கு இடையில் கிடைக்கும் இடைவெளியில் விளைவதுதான்.

கேட்டில் எடுக்கும் மாதிரி

தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயி அங்கே போனால் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் ஆலையின் கேட். உள்ளே வரும் லாரியில் துளைக்கருவியை இறக்கிக் கரும்பு மாதிரி எடுத்து, அங்கேயே சோதிக்கிறார்கள். எடைக்கு மட்டும் பணம் கிடையாது. டன்னுக்கு எத்தனை கிலோ எடுக்கத்தக்க சர்க்கரை இருக்கிறதோ, அந்தக் கிலோவுக்குத்தான் விலை. சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கக் கரும்பு விவசாயிகள் சங்கத்தின் ஆள் அங்கேயே இருக்கலாம். சர்க்கரை, எத்தனால் இரண்டும் சந்தையில் என்ன விலைக்குப் போயின என்பதை வைத்து அந்தக் கிலோ விலையை ஒரு கூட்டுக் குழு கணக்கிட்டு வெளியிடுகிறது. 1990-களின் கடைசியில் விவசாயிகளும் ஆலைக்காரர்களும் சேர்ந்து அமைத்த குழு அது. பொருளின் மதிப்பில் ஏறத்தாழ 60 சதவிகிதம் கரும்புக்கு.

இங்கே ஆலையின் சராசரி சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துத்தான் எல்லோருக்கும் ஒரே விலை. நன்றாகப் பாடுபட்டு இனிப்பான கரும்பு கொடுத்தவருக்கும், சோகையும் மண்ணுமாக ஏற்றி அனுப்பியவருக்கும் வேறுபாடு இல்லை. சர்க்கரையோடு துணைப்பொருள்களையும் சேர்த்து வருவாயில் 70 சதவிகிதம் விவசாயிக்குத் தரலாம் என்று 2012-ல் ரங்கராஜன் குழு சொன்னது. தமிழ்நாட்டில் 2018-ல் வருவாய்ப் பங்கீட்டுக்குச் சட்டமும் வந்தது. ஆனால், மாநில அரசின் பரிந்துரை விலை போய்விட்டதே என்றுதான் பல விவசாயிகள் அதைப் பார்த்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பங்கு என்றால், மொத்தம் எவ்வளவு என்று பங்குதாரருக்குத் தெரிய வேண்டும். கேட்டில் அவருடைய ஆள் நிற்க வேண்டும். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அதில் பெரும்பங்கு தானியத்திலிருந்து, முக்கியமாக மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. 2023 டிசம்பரில் சர்க்கரை உற்பத்தி குறையும் என்று பயந்த மத்திய அரசு, கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் திடீரென்று தடை போட்டுப் பிறகு தளர்த்தியது. 1989-ல் பிரேசில்காரர்கள் பங்க்கில் பட்டதை, ஆலைகளும் கரும்புக்காரர்களும் இங்கே வேறுவிதமாகப் பட்டார்கள்.

பிரேசிலிலும் எல்லாம் நேராக இல்லை. அந்தப் பரந்த வயலில் மனிதர்கள் அதிகம் கண்ணில் படுவதில்லை. முன்பு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாளுக்குப் பத்து டன் வரை கையால் வெட்டினார்கள். 1984 மே மாதம், ஒருவர் ஒரே வீச்சில் வெட்ட வேண்டிய வரிசையை ஐந்திலிருந்து ஏழாக ஆலைகள் உயர்த்தியபோது, குவாரிபா என்ற சிறிய ஊரில் வெட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். போலீஸ் வந்தது, ஓர் உயிர் போனது. ஏழு வரிசை மறுபடி ஐந்தானது. இன்று அந்த வேலையே இல்லை. ஒரு அறுவடை இயந்திரம் எண்பது, நூறு பேரின் வேலையைச் செய்கிறது.

அறுவடை இயந்திரம் சிறு விவசாயியையும் ஒதுக்கிவிட்டது. 12 சதவிகிதத்துக்கு மேல் சரிவான நிலத்தில் அது ஏறாது. பிரசிகாபா சுற்றுவட்டாரத்தில் மேடும் பள்ளமுமாகச் சின்னச் சின்னக் கரும்புக் காடுகள் அதிகம். எரிக்கக் கூடாது, கையால் பச்சைக் கரும்பு வெட்ட ஆள் கிடையாது, இயந்திரம் வராது. வேறு வழியின்றிக் கரும்பை விட்டவர்கள் அங்கே பலர். சமநிலம் வைத்திருப்பவர்களிலும் நிறையப் பேர் ஆலைக்கே குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். குத்தகையைப் பணத்தில் பேசுவதில்லை. 'அல்கேய்ரே' என்ற ஏறக்குறைய 6 ஏக்கர் அளவுக்கு வருஷத்துக்கு இத்தனை டன் கரும்பு என்று பேசி, அன்றைய சர்க்கரைக் கிலோ விலையில் வாங்கிக்கொள்கிறார்கள். எத்தனால் விலை ஏறினால் குத்தகையும் ஏறும். அதனால் சொந்தமாக ஒரு கரணைகூட ஊன்றாதவரும் மாதாமாதம் அந்த விலை அறிவிப்பைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு பங்க்குக்குப் போனால், அங்கே அவரும் பெட்ரோல் விலையை 0.7-ஆல் பெருக்குகிறார், எத்தனால் அதற்கு மேல் இருந்தால் பெட்ரோலையே ஊற்றிக்கொண்டு போகிறார்.