மூழ்கிய கப்பலுக்கு ஒரு மாளிகை

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. எந்தச் சொல்லையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. 'அருங்காட்சியகம்' என்பதைப் பிரித்தால் அரிய காட்சிகளின் இல்லம் என்று வரும். அழகான சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது: அரியவை மட்டுமே பார்க்கத் தகுந்தவை. ஐம்பொன் சிலை, அரசனின் வாள், பழைய பொற்காசு. சென்னைவாசிகள் இந்தச் சொல்லை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எழும்பூர் மியூசியத்துக்கு அந்தக் காலத்தில் அவர்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. இத்தகைய மொழிபெயர்ப்பின் முன் எங்களைப் போன்றவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

தோற்றுப்போனதையும் எளியதையும் தேடி எடுத்துக் கூரை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் நாடு ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர்கள் கூட்டம் ஒன்றுக்காக ஒரு ஜூன் மாதத்தில் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்தபின் ஐந்து நாட்கள் கையில் இருந்தன. அங்கே கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஊர் சுற்றுபவனுக்கு ஒரு நாளில் இரண்டு நாள் கிடைத்த மாதிரி.

நகரின் நடுவே யூர்கோர்டன் என்ற தீவு. டிராமிலோ படகிலோ போய்விடலாம். அந்தத் தீவில் இருக்கிறது வாசா மியூசியம். உள்ளே மங்கலான வெளிச்சம். கண் பழகியதும் எதிரே கறுத்த மரமலை போல் ஒரு கப்பல். 69 மீட்டர் நீளம். முனையிலிருந்து பின்புறம் வரை நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள், சிங்கங்கள், ரோமானியப் பேரரசர்கள். ஒரு சாம்ராஜ்யக் கனவை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கப்பல் எந்தப் போரையும் வென்றதில்லை. எந்தப் போருக்கும் போனதுமில்லை. 1628 ஆகஸ்ட் 10-ம் தேதி ஊரே கரையில் கூடி வேடிக்கை பார்க்க, பாய் விரித்துப் புறப்பட்டது. சுமார் 1,300 மீட்டர்தான் போயிற்று. காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து, துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிவிட்டது. ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள்.

காரணம் எளிது. கப்பலின் மேல்பாரம் அதிகம், கீழே தாங்கும் பாரம் குறைவு. 64 பீரங்கிகளுக்காக இரண்டு தளங்கள். இது புறப்படுவதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. கரையில் கட்டியிருந்தபோதே முப்பது பேரைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, இன்னும் ஓடினால் இங்கேயே கவிழும் என்று சோதனையை நிறுத்திவிட்டார்கள். கடற்படைத் துணைத் தளபதியே அங்கு நின்றிருந்தார். ஆனால் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போர்முனையிலிருந்து கப்பல் எங்கே, கப்பல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் 'முடியாது' என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. பிறகு விசாரணை நடந்தது. தலைமைக் கப்பல் கட்டுநர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவரோ மன்னர். எனவே ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. விசாரணைக் கமிஷன்களின் முடிவை அறிந்த இந்தியர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

333 ஆண்டுகள் கப்பல் சேற்றில் கிடந்தது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உப்பு குறைந்த பால்டிக் கடல் நீரில் வாழ்வதில்லை. அதனால் மரம் தப்பியது. 1956-ல் ஆண்டர்ஸ் ஃப்ரான்சேன் என்பவர் தானே செய்த கருவி ஒன்றைக் கடலடியில் இறக்கி, கருப்பேறிய ஓக் மரத்துண்டு ஒன்றை மேலே எடுத்தார். 1961 ஏப்ரல் 24-ல் கப்பலே மேலே வந்தது. காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் பதினேழு ஆண்டுகள் ரசாயனக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கென்றே கட்டிய இந்த மாளிகை 1990-ல் திறந்தது. இப்போது நிற்கும் கப்பலில் 98 சதவீதத்துக்கு மேல் பழைய மரமே.

பீரங்கிகளை விடச் சிறிய பொருட்கள் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். மாலுமியின் செருப்பு, மரக்கரண்டி, வெண்ணெய்ச் சட்டி. பிறகு தச்சர்களின் அளவுகோல்கள். சிலவற்றில் ஸ்வீடனின் அடி, சிலவற்றில் அதைவிடச் சற்றுக் குட்டையான ஆம்ஸ்டர்டாம் அடி. ஒரே கப்பலை இரண்டு அளவில் அளந்து கட்டியிருக்கிறார்கள். இறந்தவர்களின் எலும்புகளும் உண்டு. ஆண் என்றே பல ஆண்டுகள் கருதப்பட்ட ஓர் எலும்புக்கூடு பெண்ணுடையது என்று 2023-ல் மரபணுச் சோதனையில் தெரியவந்தது. உடனே விளக்கத்தைத் திருத்திவிட்டார்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஸ்கான்சன். ஆர்ட்டூர் ஹசேலியஸ் என்ற மொழியறிஞர் 1891-ல் தொடங்கிய திறந்தவெளி மியூசியம். ரயிலும் ஆலையும் வந்து கிராமத்து வாழ்க்கை கண்ணெதிரே கரைவதைக் கண்டு, நாடெங்கும் இருந்த வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து இங்கே மறுபடி கட்டினார். இன்று சுமார் 150 கட்டடங்கள். பண்ணை வீடு, காற்றாலை, பள்ளிக்கூடம், மரத்தாலான தேவாலயம். போலிஷ், செக், ஹங்கேரிய மொழிகளில் 'ஸ்கான்சன்' என்றாலே திறந்தவெளி மியூசியம் என்று பொருள். ஓர் இடத்தின் பெயர் அன்னிய மொழிகளில் பொதுச்சொல்லாக மாறுவது எளிதில் நடப்பதல்ல.

அங்கே பண்ணைத் தொழிலாளர்களின் குடியிருப்பு ஒன்றும் இருக்கிறது. ஸ்வீடிஷ் மொழியில் அவர்களுக்கு 'ஸ்டாட்டாரே' என்று பெயர். குடும்பத்தோடு ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம். கூலியின் பெரும்பகுதி தானியமாகவும் பாலாகவும் தரப்படும். மனைவியும் பண்ணை மாடுகளில் பால் கறந்தாக வேண்டும். அந்த வேலைக்கு 'வெள்ளைச் சாட்டை' என்றே பெயர் இருந்தது. இக்குடும்பங்களில் ஒன்றில் பிறந்த ஈவார் லூ-யூகான்சன் என்ற எழுத்தாளர் இவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1945-ல் இந்த முறை ஒழிந்தது.

எனக்கு அந்த வாசலைத் தாண்டி உடனே நகர முடியவில்லை. என் தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாள். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஏழே ஆண்டு இடைவெளி. ஸ்வீடன் அன்றே பணக்கார நாடு என்று நினைத்துக்கொள்கிறோம். பனியும் பசியும் தாங்காமல் லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய நாடு அது. அந்தப் பசியை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை.

இயற்கைக் காட்சிகளுக்கு வருவோம். ஐரோப்பாவின் முதல் தேசியப் பூங்காக்கள் ஸ்வீடனில்தான், 1909-ல் ஒரேயடியாக ஒன்பது. வடகோடியிலுள்ள அபிஸ்கோவில் மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை சூரியன் அஸ்தமிப்பதில்லை. அவ்வளவு தூரம் போக எனக்கு நாளில்லை. ரயிலேறி நாற்பது நிமிடத்தில் உப்சாலா போனேன். ஊருக்கு வெளியே பழைய உப்சாலாவில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய மூன்று பெரிய புதைமேடுகள். புல் மூடிக் குன்றுகள் போல் கிடக்கின்றன. டிக்கெட் இல்லை. பக்கத்துக் காட்டுப் பாதையில் நடந்தபோது, இது யாருடைய நிலம் என்று உடன் வந்த நண்பரைக் கேட்டேன். யாருடையதோ, அதனால் என்ன என்றார்.

'அல்லெமான்ஸ்ரெட்டன்' என்பது அவர்களின் வழக்கம். அதாவது எல்லோருக்குமான உரிமை. அடுத்தவர் நிலமானாலும் காட்டில் நடக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம். வீட்டருகே போகக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது. தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே என்பதே மொத்தச் சட்டம். 1994-ல் இது அவர்களின் அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. தமிழில் இதற்கு நல்ல சொல் தேடினேன். 'புறம்போக்கு' நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் பொதுவான இடத்தைக் குறித்த சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம்.

ஸ்வீடனில் எல்லாமே மெச்சத்தக்கது என்று சொல்ல வரவில்லை. ஸ்கான்சனின் ஆரம்ப காலத்தில் வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடிவைத்து, காட்சிப்பொருளாகப் பார்க்க வைத்தார்கள். இனத்தை அளந்து பார்க்கவென்றே 1922-ல் உப்சாலாவில் அரசாங்க நிறுவனம் திறந்தார்கள். அந்தக் கணக்கைத் தீர்ப்பது சுலபமாக இல்லை. லிக்சேலே என்ற ஊரில் தோண்டியெடுக்கப்பட்டு, ஸ்டாக்ஹோமின் வரலாற்று மியூசியத்துக்குப் போய்ச்சேர்ந்த 25 பேரின் எலும்புகள் 2019 ஆகஸ்ட் 9-ல்தான் திரும்பவும் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன. ஒரு மியூசியம் எதை வைத்திருக்கிறது என்று பார்ப்பவர்கள், எதைத் திருப்பித் தந்தது என்றும் பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலையில் வாசா, மதியத்துக்குப் பின் ஸ்கான்சன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் கனவைப் பார்த்துவிட்டுக் குடியானவனின் அடுப்பைப் பார்ப்பது நல்ல வரிசை. கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும்.

ஊர் திரும்பியதும் படங்களை அத்தையிடம் காட்டினேன். தாத்தாவின் குடிசையில் வளர்ந்தவர். தங்கச் சிற்பங்களையும் சிங்கங்களையும் தள்ளிவிட்டு, பண்ணையாள் குடியிருப்பின் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நம்ம வீடு மாதிரிதானே இருக்கு. இதைப் பார்க்கவா ஏழு கடல் தாண்டிப் போனே?" என்றார். அளவுகோல் கதையைச் சொன்னேன். அவருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. "நம்ம ஊர்ல மட்டும் என்ன? நெல்லு வாங்குற மரக்கால் பெரிசு. கூலி அளக்குற மரக்கால் சின்னது" என்றார்.

அந்தச் சின்ன மரக்காலை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் நான் இதுவரை பார்க்கவில்லை.