கடலுக்கு நடுவே ஒரு குரல்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்தில் யாரும் மறக்காத நாள். அதே சுனாமி அந்தமானையும் தாக்கியது. போர்ட் பிளேரில் அப்போது ஹாம் ரேடியோ வைத்து உலக நாட்டு ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தவர் பாரதி பிரசாத் அம்மையார். அழைப்புக்குறி வி.யூ.4.ஆர்.பி.ஐ. தொலைபேசி செயலிழந்ததும் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, தீவிலிருந்தவர்களின் நலச்செய்திகளைக் கரையில் தவித்த உறவினர்களுக்கு எட்டச் செய்தார். சம்பளமில்லாத தொண்டு.

ஆபத்தில் ரேடியோவில் கூப்பிடும் 'மேடே', நான் பள்ளியில் படித்த பிரெஞ்சிலிருந்து போனது. 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள். அந்தக் கூப்பாட்டுக்குக் காது கொடுத்தவர் அவர்.

சொந்தங்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவர்களை நம்மூரிலும் பார்த்தோமே! "உயிரோடு இருக்கிறார்" என்ற ஒரு வரிக்கு அன்று என்ன விலையும் கொடுத்திருப்பார்கள்.