பெயர் சொன்னால்தான் வரும்

எங்கள் பகுதியின் பழைய தாள்கள் இரண்டு பெரும் அழிவுகளைக் கண்டிருக்கின்றன. 1990இல் படுவான்கரைப் பக்கமிருந்து முஸ்லிம் குடும்பங்கள் உடுத்த உடையோடு வெளியேறியபோது பெட்டகங்களும் அலுமாரிகளும் அங்கேயே நின்றுவிட்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் புகுந்தபோது கரையோர வீடுகளில் எஞ்சியிருந்தவையும் போயின. இப்போது மூன்றாவதோர் இழப்பு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. தாள் தப்பிவிட்டது, படமும் எடுத்தாயிற்று. ஆனால் அந்தப் படம் கணினிக்குள் எங்கே கிடக்கிறதென்று எவருக்கும் தெரியாது.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வந்து வாவிக்கரைப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கலியாண வாழ்த்து மடல்கள், கந்தூரி அறிவித்தல்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கைபேசியில் படம் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்குண்டு. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பிஸ்கட் டின்னோடு தூக்கித் தந்தார். "கொண்டு போங்க மகன். நான் மௌத்தானா புள்ளையள் கடலைக்காரனுக்குக் குடுத்திருவாங்க" என்றார்.

கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் அது எடுக்கப்பட்ட நாளையே பெயராக வைக்கிறது. 1950களின் விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ் 2019இல் பிறந்த பிள்ளையாகிவிடுகிறது. இப்படிச் சேர்ந்த ஈராயிரத்துச் சொச்சம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் மாற்ற ஆயுள் போதாது. அதனால்தான் கட்டளை வரியைப் பழகினேன். லினக்ஸ் போட்ட பழைய கணினியில் கறுப்புத் திரையொன்று திறக்கும். படம் இல்லை, பொத்தான் இல்லை. நாம் எழுதவேண்டும், அது செய்யும். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்து, "என்ன சேர் இது, தொடுறதுக்கு ஒண்டுமே இல்லயே?" என்றான்.

இந்த முறையின் வேர் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ப்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸில் இருக்கிறது. அன்றைய தட்டச்சு முனையங்கள் மெதுவாக இயங்கியதால் கட்டளைகளை இரண்டெழுத்தில் சுருக்கினார்கள். எல்.எஸ். என்றால் பட்டியல் காட்டு. சி.பி. என்றால் பிரதி எடு. எம்.வி. என்றால் இடத்தையோ பெயரையோ மாற்று. ஆர்.எம். என்றால் அழி. எங்களூர் மனிதர்களின் முதலெழுத்துகள் போலவே இருப்பதால் மனனம் செய்வதில் சிரமமில்லை.

நட்சத்திரக் குறி வீச்சுவலை மாதிரி. அதற்குள் அகப்படும் பெயர்களெல்லாம் ஒரே இழுப்பில் வரும். ஆகவே ஆர்.எம்.முக்கு முன்னால் அதே வலையை எல்.எஸ்.ஸோடு ஒருமுறை வீசி, என்ன அகப்படுகிறதென்று பார்த்துக்கொள்ளவேண்டும். இங்கே குப்பைக்கூடை கிடையாது. எம்.வி.யும் அதே பெயரில் வேறொரு கோப்பு இருந்தால் கேளாமலே அதன்மேல் எழுதிவிடும். கேட்டுவிட்டுச் செய் என்று நாம்தான் சொல்லி வைக்கவேண்டும்.

பாமினி எழுத்துருக் காலத்துக் கோப்புகள் தனி வேடிக்கை. அந்தத் தலைப்புகளைக் கோப்புப் பெயராக ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளே தெரியும். 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில்தான் இருக்கிறது. கட்டளை வரிக்கோ அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால் நமது மெய்யெழுத்திலேயே பெயர் அறுந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நமது பெயர்களில் இருக்கிறது. முஹம்மத், முகம்மது, முஹம்மது, மொஹமட் எல்லாம் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு நான்கு பேர். ஹகரம் போட்டுத் தேடினால் ககரம் போட்டவர் வரமாட்டார். யுனிகோட் எண்வரிசைப்படி பட்டியலிட்டால் கிரந்த எழுத்துகளில் ஜகரம் சகரத்தை அடுத்து வருகிறது. ஷகரமும் ஸகரமும் ஹகரமும் வகரத்துக்கும் பின்னால் கடைசியில் நிற்கின்றன. ஒரே கவிஞர் ஓர் இதழில் சலீம் என்றும் இன்னோர் இதழில் ஸலீம் என்றும் அச்சாகியிருந்தால், பட்டியலின் முன்பக்கத்தில் ஒருவரும் வால்பக்கத்தில் ஒருவருமாக நிற்பார். பத்து வருடம் கழித்துத் தேடிவரும் ஆய்வு மாணவி பாதிக் கவிஞரைத்தான் காண்பாள்.

எனவே எனக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டேன். முதலில் நான்கு இலக்க ஆண்டு, பிறகு மாதம், இதழ், ஆசிரியர், பக்கம். ஆசிரியர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டு. அச்சில் வேறுவிதமாக இருந்தால் அது தனிக் குறிப்பேட்டில் பதியப்படும். ஹிஜ்ரி ஆண்டு மட்டும் உள்ள தாள்களுக்குக் கிறிஸ்து ஆண்டும் கணித்துப் போடுகிறேன். ஹிஜ்ரி 1300 என்பது 1882-83. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய காலம் அது. 1300 என்றே விட்டுவிட்டால் அந்தத் தாள் ஐந்நூற்றெண்பது வருடத்துக்கும் மேல் பின்னால் போய்விடும்.

இப்படிப் பெயரிட்ட பிறகு எல்.எஸ். என்று எழுதிய இரவில், என் சேகரிப்பு முதன்முறையாக வரலாறாக வரிசைப்பட்டது. 1988 வந்தது, 1989 வந்தது, 1990இல் சில தாள்கள் வந்தன. அடுத்த வரியில் 1993. நடுவில் வெற்றிடம்கூட இல்லை. இல்லாததற்குக் கணினி வரி ஒதுக்குவதில்லை. அந்த இரண்டு வருடங்களில் எங்களூரில் ஒருவர்கூட எதுவும் எழுதவில்லையா, எழுதியது எரிந்ததா, இன்னும் எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்கிறதா? ஈராயிரம் படங்களும் குவியலாகக் கிடந்தவரை இந்தக் கேள்வி எனக்கு எழவேயில்லை. அதன் பிறகுதான் 1991, 1992 என்று வருடத்தைச் சொல்லியே வீடு வீடாகக் கேட்கத் தொடங்கினேன். இதுவரை ஒரு மீலாத் விழா அழைப்பிதழ் கிடைத்திருக்கிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005இல் தொண்டர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் கொடுத்துச் சேர்த்து வருகிறது. அங்கே நாம் ஒப்படைக்கும்போது பெயரில்லாத படக்குவியலாக ஒப்படைத்தால், அடுத்தவர் தலையில் நமது வேலையைச் சுமத்துகிறோம் என்றே பொருள்.

இந்த இதழை வாசிப்பவர்களில் பலரிடம் பழைய இதழ்கள் இருக்கும். எல்லாரும் கறுப்புத் திரையைப் பழகவேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. படம் எடுத்த அன்றே ஆண்டு, இதழ், எழுதியவர் பெயர் ஆகிய மூன்றையாவது கோப்புப் பெயரில் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.