செவித்துணைக் கருவி

முதுமையில் செவி மந்தமாகும் என்று சொல்வது எளிது. அஃது எவ்வாறு மந்தமாகின்றது என்பதை அந்நிலை அடைந்தவரே அறிவர். எனக்கு ஒலி கேளாமற் போகவில்லை. பேருந்தின் இரைச்சலும் கோயில் மணியும் முன்போலவே கேட்டன. பேச்சில்தான் இடர் தோன்றிற்று. எதிரில் இருப்பவர் ‘பட்டம்’ என்றாரா, ‘கட்டம்’ என்றாரா, ‘சட்டம்’ என்றாரா என்பது விளங்காமல் அவர் வாயையே உற்று நோக்கலானேன்.

இதன் காரணம் வியப்புக்குரியது. க, ச, ட, த, ப, ற என்பவற்றை வல்லினம் என்று இலக்கணத்தார் பெயரிட்டனர். உறுப்புக்களின் முயற்சியை நோக்கின் அப்பெயர் பொருந்தும். ஆயினும் காற்றில் பரவும் ஒலியாக அளந்தால், சொல்லின் முதலில் நிற்கும் வல்லெழுத்தே வலிமை குறைந்தது. இமைப்பொழுதில் தோன்றி மறைவது. ஒரு வல்லெழுத்தை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. நம் உட்செவியில், நத்தை ஓடுபோற் சுருண்ட குழலினுள், ஒலியை உணரும் நுண்ணிய உயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. உயர்ந்த ஒலிகளை ஏற்பவை அக்குழலின் வாயிலருகே அமைந்தவை. முதுமையில் அவையே முதலில் அழிகின்றன. அழிந்தவை மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை.

1970ஆம் ஆண்டளவில் என் தந்தையார் சட்டைப் பையில் ஒரு சிறு பெட்டியும், அதிலிருந்து காது வரை ஒரு கம்பியுமாக நடமாடினார். ஊரார் அதனைக் ‘காது மிஷின்’ என்பர். அது நல்லொலி, அல்லொலி என்று பாராமல் யாவற்றையும் உயர்த்தும். சட்டைத் துணி உராய்ந்தால் அவருக்கு இடி முழங்கும்.

1990களின் நடுப்பகுதியில் ஒலியை எண்களாக மாற்றிக் கணக்கிடும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. செவி ஆய்வாளர் அவ்வகையில் இரண்டினை எனக்குத் தந்து, ஒவ்வொன்றையும் இரு வாரம் அணிந்து பார்க்கச் சொன்னார். முதற்கருவி ஒலியைப் பகுத்தறிவதில் வல்லது. மெல்லிய பேச்சை மிகுதியாகவும், பாத்திரம் விழும் ஓசையைச் சிறிதளவே கூட்டியும் தந்தது. அதில் ஒலிவாங்கிகள் இரண்டு உண்டு. முன்னிருந்து வரும் ஒலி முன்னதை முதலில் எட்டும். பின்னதை எட்டுவதற்குள் கழியும் காலமோ ஒரு நொடியைப் பதினாயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கும் குறைவு. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டு பின்புறத்து ஓசையைக் கருவி தணித்துவிடுகின்றது! மாறாது ஒலிக்கும் மின்விசிறியின் ஓசையும், ஏறியிறங்கும் பேச்சும் வேறென அறிந்து முன்னதைக் குறைக்கின்றது.

இரண்டாங்கருவி இத்திறத்தில் எளியது. அதன் சிறப்பு வசதிகளில் இருந்தது. இரவில் பெட்டியில் வைத்தால் மின்னேற்றம் பெறும். கைப்பேசியில் வரும் குரலைக் கம்பியின்றி நேரே செவிக்குள் செலுத்தும். கைப்பேசித் திரையில் அதற்குப் பல அமைப்புக்களும் காட்டினார்கள். அவற்றுட் பாதி விளையாட்டுப் பொருள் என்பது என் கருத்து. நான் முதற்கருவியையே தேர்ந்தேன்.

என் தமக்கையாருக்கு அகவை எழுபத்தாறு, விரல்கள் நடுங்கும். அவரிடமும் என்னுடையதைப் போன்ற நல்ல கருவி இருந்தது. அதன் மின்கலம் 8 மில்லிமீட்டர் அகலமே உடையது. மேலிருக்கும் ஒட்டுத்தாளை உரித்தால் காற்றுப் புகுந்து இயங்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். ஒருநாள் அது கைதவறி உருண்டு மறைந்தது. மறுமுறையும் அவ்வாறே ஆயிற்று. பிறர் உதவியை வேண்டுவதற்கு நாணி, அவர் கருவியைப் பேழையில் இட்டுப் பூட்டினார். உறவினர் இல்லங்களுக்குச் செல்வதும் நின்றது. தொலைவில் இருக்கும் மகன் அழைத்தால், “நீங்களே பேசுங்கள்” என்று கைப்பேசியை எங்களிடம் நீட்டுவார்.

நான் வேண்டாமென்று விடுத்த இரண்டாங்கருவியை அவர் இப்பொழுது நாள்தோறும் அணிகின்றார். மகனோடு அரைமணி நேரம் பேசுகின்றார்; எங்களை அருகில் விடுவதில்லை.

மேளம் முழங்கும் திருமண மண்டபத்தில் இரு கருவிகளும் தோற்றுப்போகின்றன. பலர் பேசும் பேச்சே இரைச்சலாகும்போது, எதனை நீக்குவது, எதனை வைப்பது என்று அவை தடுமாறும். ஆகையால், மேளத்தைத் தொலைவில் விட்டு நாங்கள் இருவரும் ஒரு மூலையை நாடுகின்றோம். கூட்டத்திற்கு முதுகு காட்டும் இருக்கையை, முதற்கருவி அணிந்தவன் என்னும் உரிமையால், நான் எடுத்துக்கொள்வேன். தமக்கையார் சுவரோரம் அமர்ந்து, வருவோர் போவோரைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.