எந்தப் படியில் அளந்தது?

கோட்டைக்குள் களஞ்சியம் கட்டி நெல்லைக் காத்த ஊர் எங்கள் செஞ்சி. என் அப்பா காலத்தில் சந்தைக்கு வருபவர் விலை கேட்கும் முன்னே, ‘எந்தப் படி?’ என்றுதான் கேட்பார். ஊர்ப்படி ஒரு கணக்கு, பட்டணம்படி வேறொரு கணக்கு. 1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, கிலோ பழகிய பிறகே அந்தக் கேள்வி ஓய்ந்தது. பிள்ளை வளரவில்லை என்று ரத்தப் பரிசோதனைத் தாளோடு திண்ணைக்கு வருகிறவர்களிடம் நானும் அதையே கேட்கிறேன். ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் வேறென்ன கேட்க வருவார்கள்!

வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கும். பகலில் நன்றாக வளரும் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லாதது போலக் காட்டும். அதனால் ஏதோ ஒரு நேரத்தில் ஒருமுறை எடுத்த ரத்தத்தை வைத்துக் குறைபாடு என்று சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் குளோனிடின் மாத்திரை கொடுத்து (ரத்தக்கொதிப்புக்கு வந்த மருந்துதான்), அரைமணிக்கொருமுறை ரத்தம் எடுத்து, ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். குறையே இல்லாத பிள்ளையும் இதில் தவறிவிடுவதுண்டு. ஆகவே வேறு மருந்தில் இன்னொரு சோதனை.

அதற்குப் பிறகும் சிக்கல் தீராது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் ஒரே வடிவில் இல்லை; பெரிது, சிறிது என்று பல உண்டு. ஒரு கம்பெனியின் கிட் சிலவற்றைப் பிடிக்கும், இன்னொன்று சிலவற்றை விட்டுவிடும். ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டு எண் வரும். இதைச் சீராக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 98/574 என்ற பொது அளவுகோலை வைத்திருக்கிறது. அப்படியும் வித்தியாசம் முழுதாக ஒழியவில்லை.

‘இதற்குக் கீழே குறைபாடு’ என்கிற கோடும் கல்லில் வெட்டியதல்ல. 1985 வரை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் வளர்ச்சி ஹார்மோன் மருந்தை எடுத்தார்கள். கிடைப்பது அரிது, கோடும் தாழ்வாக இருந்தது. மரபணு முறையில் தாராளமாகச் செய்யத் தொடங்கிய பின் கோடு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வரை ஏறியது. இப்போது பலர் 7 என்கிறார்கள். பிள்ளைகள் என்னவோ அதே பிள்ளைகள்தான்.

இவ்வளவு சொல்வது சோதனையே வேண்டாம் என்பதற்கல்ல. அதற்கு முன்னால் பிள்ளையைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்க வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே காலை நேரத்தில் அளந்து எழுதுங்கள். நான்கு வயதுக்கு மேல், பருவம் எட்டும் வரை, வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டராவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் தைராய்டு, சாப்பாடு, ரத்தசோகை, இடது மணிக்கட்டு எக்ஸ்ரே எல்லாம் முதலில் பார்க்க வேண்டியவை. பிறகு புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போகும்போது, அந்த உயரக் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள்.

பெண் பிள்ளைக்கு இன்னொன்று. ‘அம்மா குள்ளம், மகளும் குள்ளம்’ என்று விட்டுவிடுகிறார்கள். எக்ஸ் குரோமோசோம் ஒன்று குறையும் டர்னர் நிலையில் வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் சரியாகவே காட்டும். ஆனாலும் அந்த ஹார்மோன் ஊசி அவளுக்குப் பலன் தரும், சீக்கிரம் தொடங்கினால் கூடுதலாக. டர்னர் நிலையைக் காட்டிக்கொடுப்பது குரோமோசோம் சோதனைதான். டாக்டர் எழுதவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.