ஜனதா கடிகாரத்தில் நான் எடுத்தது

கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். அறுபதைத் தாண்டிய பிறகுதான் சொந்தமாகக் கைக்கடிகாரம் வடிவமைக்கத் தொடங்கினேன். டயலும் முட்களும் நான் செய்தவை. உள்ளே ஓடுவது எச்எம்டியின் பழைய மெஷின். ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழிலை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. நல்ல உதிரி பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. நான் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது.

ஓர் அம்மா, இறந்துபோன கணவரின் எச்எம்டி ஜனதா கடிகாரத்தைச் சர்வீசுக்குக் கொடுத்தார். பேரன் கட்டிக்கொள்வதற்காக. மறுநாள் என் முதல் கடிகாரத்தை வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அன்று இரவு என் கை தவறியது. என் கடிகாரத்தின் பேலன்ஸ் வீலின் அச்சுமுனை ஒடிந்துவிட்டது.

தவணை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிழவனுக்குக் கை நடுங்குகிறது என்று பேசுவார்களோ என்ற பயம். டயலில் என் பெயர் இருக்கிறதே என்ற கர்வம்.

ஜனதாவின் பின்மூடியைத் திறந்தேன். பேலன்ஸ் சீராக ஆடிக்கொண்டிருந்தது, மணிக்கு 18,000 துடிப்பு. ட்வீசரால் அதை ஹேர்ஸ்பிரிங்கோடு எடுத்து என் கடிகாரத்தில் பொருத்தினேன். ஜனதாவுக்கு டப்பாவில் கிடந்த ஒன்றைப் போட்டேன். வீல் ஒரு மெஷினுடையது, ஹேர்ஸ்பிரிங் வேறொன்றுடையது. அது சரியான நேரம் காட்டாது என்று தெரிந்தேதான் மூடியை மூடினேன்.

அந்த அம்மா பேரனோடு திரும்பி வந்தார். தினமும் பத்து நிமிடம் பின்தங்குகிறதாம். அதை நம்பி பஸ்ஸை விட்டுவிட்டு, பையன் பிளஸ் டூ பரீட்சைக்குத் தாமதமாகப் போயிருக்கிறான்.

“பையன் ஒழுங்கா சாவி கொடுத்திருக்க மாட்டாம்மா” என்றேன்.

அவர் என் முன்னாலேயே அவனைத் திட்டினார். “தினமும் கொடுத்தேன் தாத்தா” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான் வாய் திறக்கவில்லை.

பாகத்தைத் திருடியது ஒரு குற்றம். பழியைப் பிள்ளையின் தலையில் போட்டது அதைவிடப் பெரிய குற்றம்.

அந்தக் கடிகாரத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். பேரன்தான் கெடுத்தான் என்று நம்பியபடியே அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகே அவனிடம் உண்மையைச் சொன்னேன். என் கடிகாரத்தை வாங்கியவரிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். அதுவும் கோழைத்தனம்தான்.

வீட்டுப் பெரியவர்களின் கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தால், திரும்ப வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். நான் கோபப்பட்டிருப்பேன்.