உண்மை நகல்

அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு நகல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சில் ‘கொப்பி கொன்ஃபோர்ம்’ என்பார்கள். நாங்கள் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவோம். அந்த முத்திரை இல்லாமல் அச்சு அசலாக இருக்கும் காகிதத்துக்குப் பெயர் வேறு! போன வருடம் ஒரு பொம்மைக்குக் காணாமல்போன உதிரிகளைச் செய்யப்போனபோது இந்தப் பாடம் எனக்கு உதவியது.

பொம்மை என்னுடையது அல்ல. என்னோடு லிசேயில் படித்த நண்பருடையது. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. 1964 வாக்கில் லீவில் வந்தபோது மகனுக்காகக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1937-ல் தொடங்கிய ‘மாமோட்’ கம்பெனி செய்த நீராவி ரோடு ரோலர். சாவி கொடுக்கிற பொம்மை இல்லை. பித்தளை பாய்லரில் தண்ணீர் ஊற்றி, கீழே நெருப்பு வைத்தால் நிஜமாகவே நீராவியில் ஓடும். நண்பருக்கு இப்போது கண்பார்வை பாதி போய்விட்டது. “முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவை ஓடுறதைப் பார்த்துடணும்டா” என்றார். மறுக்க முடியுமா?

பெட்டியைத் திறந்து பட்டியல் போட்டேன். நான்கு உருப்படிகள் இல்லை. பாதுகாப்பு வால்வு, சிலிண்டரை அழுத்திப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங், சக்கரத்தைச் சுழற்றும் ஸ்பிரிங் பெல்ட், எரிபொருள் வைக்கும் தகரத் தட்டு.

இல்லாத பொருளை எப்படி அளப்பது? இருப்பதை அளந்துதான். தட்டின் அகலத்தை அது உரசி உரசிப் போட்ட கோடு சொன்னது. பெல்ட்டின் நீளத்தை இரண்டு கப்பிகளைச் சுற்றிப் போட்ட நூல் சொன்னது.

வால்வு மட்டும் வம்பு செய்தது. அதைத் திருகும் துவாரம் வழியாகத்தான் பாய்லருக்குத் தண்ணீரும் ஊற்றவேண்டும். லேத் பட்டறைக்காரர் ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துத் திருகிப் பார்த்தார், உள்ளே போயிற்று. “அவ்வளவுதான் சார், இதையே போட்டு அடைச்சுடலாம்” என்றார்.

1795-லேயே மீட்டரைச் சட்டமாக்கிய நாட்டின் பாடத்திட்டத்தில் படித்தவன் நான். எனக்கும் மில்லிமீட்டர்தான் தாய்மொழி. ஆனால் மாமோட் வால்வின் மரை கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 26 புரி. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.977 மில்லிமீட்டர். நம் ஊர் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அது 1 மில்லிமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால் போல்ட் ஏறிவிடும். ஆனால் மரையின் நுனியை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கும். நீராவி ஏற ஏற அது எப்போது பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. பிடித்து நின்றுவிட்டால் இன்னும் மோசம்: அழுத்தம் வெளியேற வழியே இல்லை. வால்வு இருப்பதே, அழுத்தம் அளவு மீறினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு நீராவி வெளியேறட்டும் என்றுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போவது விடுமுறைக்கு வரும் நண்பரின் பேரப்பிள்ளைகள். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அழுத்தம் தாங்கவேண்டியதை நாம் செய்வதில்லை, வாங்குவது, மற்றதைச் செய்துகொள்ளலாம். இந்த வால்வைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். பிரான்சில் இருக்கும் நண்பரின் மகள் வரவழைத்து, வரும்போது கொண்டுவந்தாள்.

சிலிண்டர் ஸ்பிரிங்குக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. இந்த வகை இன்ஜினில் சிலிண்டரே ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடும்போது அதன் துவாரமும் நீராவி வரும் துவாரமும் நேருக்கு நேர் வந்து விலகும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் உராய்வில் நின்றுவிடும். தளர்ந்தால் நீராவி கசியும். பேனா ஸ்பிரிங் தளர்ந்தது. பழைய டேப் ரிக்கார்டரில் எடுத்த ஒன்றை அரை அரைச் சுற்றாக வெட்டிக் குறைத்ததும் சரியாக உட்கார்ந்தது. பெல்ட்டை மெல்லிய எஃகுக் கம்பியை ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் நெருக்கமாகச் சுற்றிச் செய்தேன். ஒரு முனையைச் சற்றுக் குறுக்கி, மறுமுனைக்குள் திருகிவிட்டால் முடிந்தது. தட்டைத் தகர வேலைக்காரர் மடித்துக் கொடுத்தார். ஈயம் பற்றவைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். தீயில் அது உருகிவிடும்.

வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கலாமா என்று பட்டறையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பெயின்ட் தேய்ந்த இடங்கள் நண்பரின் பன்னிரண்டு வயது விரல்கள் தேய்த்தவை. அதற்கு நகல் எடுக்க முடியாது.

ஒரு ஞாயிறு காலை, அவர் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வைத்தோம். பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்லித் தீயை வைத்தேன். சில நிமிஷத்தில் வால்வு ‘புஸ்’ஸென்று மூச்சு விட்டது. சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றியதும் ரோலர் கிளம்பிவிட்டது. நண்பர் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். “எங்கப்பா இப்படித்தான் தவழ்ந்துக்கிட்டே கூட வந்தாரு” என்றார். வேறெதுவும் பேசவில்லை. தண்ணீர் வற்றுவதற்கு முன்பே நெருப்பை எடுத்துவிட்டேன். வெறும் பாய்லரைக் காய்ச்சக் கூடாது.

இப்படிப்பட்ட பழைய பொம்மைகளுக்கு இன்று நல்ல விலை உண்டு. நாளை இது யார் கைக்குப் போகுமோ! அதனால் தட்டின் அடியில் வருடத்தைப் பொறித்தேன். ஸ்பிரிங்கிலும் பெல்ட்டிலும் பொறிக்க இடமில்லை. எனவே எது அசல், எது புதிது, வால்வின் மரை என்ன என்று தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு தாள் எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன். கீழே தேதி, கையெழுத்து. முத்திரை மட்டும்தான் இல்லை. அதை ஓய்வுபெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டேனே!